அமீனா திறந்துவிட்ட பாதி

அடைக்கலம் வேலி அடைத்த வாரத்தில் அரிமளத்துக்குக் கிழக்கே உடைமரம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஆடுகளெல்லாம் ஒதுங்க நிழலில்லாமல், ஒன்றின் நிழலில் ஒன்று நின்று மேய்ந்தன. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வேலியைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் அதைக் கூட்டாமல் சொன்னதில்லை. குருவி உள்ளே போனால் இறகைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரும்.

குறுந்தங்குடியில் குழந்தைசாமியின் வீடு ஊரைவிட்டு ஒதுங்கி, தெற்கே கண்மாய்க்கரையில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கண்மாய். மற்ற மூன்று பக்கமும் பெரியப்பா மகன் அடைக்கலத்தின் புஞ்சை. ஊருக்கு வர அந்தப் புஞ்சையின் நடுவே ஒரே ஒரு வண்டிப்பாதை. அந்தப் பாதையின் நட்டநடுவில்தான் எல்லைக்கற்கள் வரிசையாக ஓடின. மேற்குப் பாதி புதுக்கோட்டை சமஸ்தானம், கிழக்குப் பாதி வெள்ளைக்காரச் சீமை. வண்டி பூட்டிக் கிளம்பினால் இடத்து மாடு மகாராஜாவின் மண்ணில் நடக்கும், வலத்து மாடு லண்டன் ராஜாவின் மண்ணில் நடக்கும். அந்த ரெண்டு மாடுகளுக்கும் தாங்கள் வேறு வேறு ராஜாங்கத்தில் போகிறோம் என்று தெரியாது. குழந்தைசாமிக்கும் அதுவரை அதைப் பற்றிக் கவலை இருந்ததில்லை.

சண்டை ஒரு கெடாத் தலையில் ஆரம்பித்தது. சித்திரையில் குலதெய்வத்துக்கு வெட்டிய கெடாயின் தலை, மூத்த வழி என்ற முறையில் அடைக்கலத்தின் வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வருஷம் பூசாரிக்குக் கண்ணில் புகை பட்டதோ, வயதாகிவிட்டதோ, தலையைத் தூக்கிக் குழந்தைசாமியின் கையில் கொடுத்துவிட்டார். குழந்தைசாமி அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவன் கொடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி செவந்தி அதை மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். அந்த வாசனை காற்றில் புஞ்சையைத் தாண்டி அடைக்கலத்தின் மூக்கில் ஏறியது. அடைக்கலம் சாப்பாட்டு மனிதர். ஒரு படிச் சோற்றை உட்கார்ந்து தின்றுவிட்டு, எழுந்து கை கழுவும்போது இன்னும் பசிக்கிறது என்பவர். மறுநாள் விடிந்தபோது பாதையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முள் கிடந்தது.

"பாதை எம் புஞ்சைக்குள்ள போகுது. எம் புஞ்சையில நான் முள்ளு போடுறேன். எவன் கேக்குறது?" என்றார்.

ஊரைக் கூட்டினார்கள். பங்காளிச் சண்டையில் மூன்றாம் மனிதர் நுழைந்தால் நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டு நுழைந்தவனை வைவார்கள் என்று ஊர் வெற்றிலை போட்டுக் கலைந்தது. மணியக்காரர் வந்து எல்லைக்கல்லைப் பார்த்தார். சாரைப்பாம்பைக் கண்டதுபோலப் பின்னால் நகர்ந்து, இது ரெண்டு கவர்மெண்டு சமாசாரம், என் கைக்கு அடங்காது என்று போய்விட்டார். போகும்போது முள்ளில் வேட்டி மாட்டிக் கிழிந்தது. அது எந்த ராஜாங்கத்து முள் என்று அவர் பார்க்கவில்லை.

அப்போது கண்மாய் வற்றிக் கிடந்ததால் உயிர் பிழைத்தார்கள். தண்ணீர் எடுக்க, ஊருக்குப் போக, மாடு மேய்க்க எல்லாவற்றுக்கும் கண்மாய்க்குள் இறங்கி, வெடித்த வண்டலில் நடந்து, தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கமாகச் சுற்றிக் கரையேறுவார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த ஊருக்குக் கூழ்க்கலயத்தோடு கிளம்பினால் போய்ச் சேர்வதற்குள் கூழ் புளித்துவிடும். வண்டி மட்டும் வாசலிலேயே நின்றது. அதன் சக்கரத்தில் கோழி அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்தது.

குழந்தைசாமியின் அப்பா வீரய்யா கட்டிலில் கிடந்தார். நெஞ்சுச்சளி. ஆனால் உடம்பு மட்டும் இளைக்கவில்லை. அந்த வட்டாரத்திலேயே பெரிய உடம்பு அவருடையது. அவர் திரும்பிப் படுத்தால் கண்மாய்க்கரை கொஞ்சம் நகரும். அவருக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. சாவுக்கு அப்புறம் நடக்கவேண்டியதைப் பற்றித்தான் கவலை. மகனையும் மருமகளையும் கூப்பிட்டு, என்னை எப்படிடா தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று தினமும் கேட்பார். கண்மாய் வழியாகப் போகலாம் என்றால், மழைக்காலத்தில் செத்தால் என்ன செய்வாய் என்பார். மழைக்காலத்தில் ஏன் சாகிறீர்கள் என்று மகன் கேட்டால், அதை எமனிடம் போய்க் கேள் என்பார்.

"நாலு பேரு தோள்ல, நேரா, நடு ஊரு வழியா போகணும்டா நான். முள்ளுக்குள்ள இழுத்துட்டுப் போனா திரும்பி வந்துருவேன், சொல்லிட்டேன்."

செவந்திதான் துணிந்தாள். ஊரும் மணியக்காரரும் கைவிட்டபின் கோர்ட்டுதான் பாக்கி என்றாள். அரிமளத்தில் மனு எழுதுகிறவர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் புதுக்கோட்டைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு வக்கீல் வீட்டு வாசலில் குமாஸ்தா நாகராசு உட்கார்ந்திருந்தார். வக்கீலைப் பார்க்கவேண்டுமென்றால் நாகராசுவைப் பார்க்கவேண்டும். நாகராசுவைப் பார்த்தபின் வக்கீலைப் பார்க்கத் தேவையே இருக்காது. அவர் எல்லாவற்றையும் கேட்டார், மூக்குப்பொடி போட்டார், தும்மினார், வழக்கு ஜெயித்துவிட்டது என்றார். இன்னும் போடவே இல்லையே என்று செவந்தி கேட்டதற்கு, போடுவது ஒரு சடங்குதான் அம்மா என்றார்.

ஆனால் நாகராசு சொன்னது பலித்தது. ஆவணிக்குள் கோர்ட்டு, வழக்கு முடிகிறவரை பாதையை அடைக்கக்கூடாது, அடைத்த முள்ளை அகற்று என்று உத்தரவு போட்டுவிட்டது. குழந்தைசாமி அன்றைக்கு மண்ணில் கால் பாவாமல் வீடு வந்தான். செவந்தி வரகரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினாள். வீரய்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இனிமேல் நிம்மதியாகச் சாகலாம் என்று ரெண்டாம் தடவை சோறு வாங்கினார்.

புரட்டாசியில் கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற அமீனா வந்தார். டவாலி போட்ட சேவகன் ஒருவன், முள் அகற்ற ரெண்டு ஆள், கையில் அளவுச்சங்கிலி. ஊரே புஞ்சை ஓரத்தில் கூடிவிட்டது. அடைக்கலம் தன் பெண்டாட்டி பொன்னுத்தாயோடு ஒரு பக்கம் நின்றார், வாயில் வெற்றிலை. அமீனா கண்ணியமான மனிதர், ஒரு எழுத்துப் பிசகாமல் நடப்பவர். எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல்லுக்குக் கயிறு பிடிக்கச் சொன்னார். கயிற்றுக்கு மேற்கே கிடந்த முள்ளையெல்லாம் ஒன்றுவிடாமல் அகற்றச் செய்தார். மண்ணைக்கூடப் பெருக்கச் சொன்னார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, உத்தரவு நிறைவேறியது என்றார்.

கிழக்குப் பாதியில் முள் கோட்டைச் சுவர்போல அப்படியே நின்றது.

"மிச்சம் பாதி?" என்றான் குழந்தைசாமி.

"அது அந்நிய ராஜாங்கம்ப்பா," என்றார் அமீனா. "அதுல நான் ஒரு முள்ளைத் தொட்டா எம்மேல கேஸ் வரும்."

ஊர் சிரித்த சிரிப்பில் கண்மாய்க் கொக்கெல்லாம் பறந்துபோய்க் கடலோரத்து மீமிசலில்தான் இறங்கின என்பார்கள். அடைக்கலம் சிரிக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, மகாராஜா நீதி தவறாதவர், தன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார் என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஒன்றரை முழப் பாதை. ஆள் ஒருக்களித்துப் போகலாம். ஒரு மாடு போகலாம். வண்டி போகாது. கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டது. களத்தில் குவித்துக் காய்ந்த கடலையை மூட்டை கட்டி, செவந்தி தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதிப் பாதையில் போவாள். முள் பக்கம் சாயாமல் உடம்பை மேற்கே ஒடித்து ஒடித்து நடந்ததில், சமவெளியில் போகும்போதும் அவள் சாய்ந்தே நடந்தாள். ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்து நடித்துக் காட்டின. தலைச்சுமையாக எத்தனை மூட்டைதான் போகும்? மீதி களத்தில் கிடந்தது. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தது.

செவந்தியின் அண்ணன் ஆண்டியப்பன் மீமிசல் பக்கம் கடலோரத்தில் இருந்தான். வெள்ளைக்காரச் சீமைக்காரன். கருவாட்டுக் கூடையோடு தங்கையைப் பார்க்க வந்தவன் அந்தப் பாதையைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதைக் காலடியால் அளந்தான். பிறகு, முதலிலேயே எங்கள் பக்கத்துக் கோர்ட்டிலும் போட்டிருக்கவேண்டும், நீ குடியிருக்கிற பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டாயே என்று மச்சானைப் பார்த்து வருத்தப்பட்டான். தன் ராஜாவிடம் சொன்னால் போதும் என்று குழந்தைசாமி நினைத்துவிட்டான். இன்னொரு ராஜாவை எதற்குத் தொந்தரவு செய்யவேண்டும்?

ராத்திரியோடு ராத்திரியாகத் தானே முள்ளை வெட்டிப் போடுகிறேன் என்று குழந்தைசாமி ஒரு நாள் அரிவாளை எடுத்தான். ஆண்டியப்பன் பிடுங்கி வைத்தான். வெட்டினால் அந்தப் பக்கத்துப் போலீஸ் வரும், வந்தால் உன்னைக் கொண்டுபோவார்கள், கொண்டுபோனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூட இந்தப் பக்கத்து வக்கீலால் முடியாது என்றான். எனவே கிழக்குக் கோர்ட்டிலும் வழக்குப் போட்டார்கள். அந்தக் கோர்ட்டு அவசரப்படவில்லை. வாய்தா கொடுத்தது. பிறகு இன்னொரு வாய்தா கொடுத்தது. கொடுப்பதற்கு அதனிடம் நிறைய இருந்தது. அடைக்கலமும் அங்கே ஒரு வக்கீல் வைத்தார். அந்த வக்கீல் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: தீர்ப்பாகிறவரை நீ உன் கையால் அந்த முள்ளைத் தொடாதே; தொட்டால், பாதை என்று நீயே ஒத்துக்கொண்டதாக ஆகும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சாதாரண மழையில்லை. தவளைகள் தண்ணீர் போதும் போதும் என்று மேலே பார்த்துக் கத்தின. கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தது. களத்தில் கிடந்த கடலை முளைவிட்டது. பின்பக்க வழி முழுகிவிட்டது. ஒன்றரை முழப் பாதை ஒன்றுதான் மிச்சம், அதுவும் சேறு. செவந்தி கதவைத் திறந்து பார்ப்பாள்; பின்னால் தண்ணீர், முன்னால் முள். கதவைச் சாத்திக்கொள்வாள். விறகெல்லாம் நனைந்துபோய், அடுப்பில் புகையைத் தவிர வேறொன்றும் வேகவில்லை.

கார்த்திகையில் ஒரு காலைப்பொழுதில், மழை கொஞ்சம் வெறித்திருந்தபோது, வீரய்யா கேப்பைக் கூழ் குடித்தார், இன்னும் கொஞ்சம் உப்புப் போடு என்றார், உப்பு வருவதற்குள் போய்விட்டார்.

சேதி ஊருக்குள் போன வேகத்தில் அடைக்கலத்தின் வீட்டில் அடுப்பு அணைந்தது. அது வழக்கம். பிணம் எடுக்கிறவரை பங்காளி வீட்டில் உலை ஏறாது. அடைக்கலம் அன்றைக்குப் பழையது குடிக்க உட்கார்ந்திருந்தார். பொன்னுத்தாய் கையிலிருந்த சட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். உங்கள் சித்தப்பா போய்விட்டார், எழுந்து போங்கள் என்றாள். அவர் எழுந்து துண்டைத் தேடினார். சின்ன வயதில் அவரைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர் வீரய்யா. பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அமீனா திறந்துவிட்ட பாதிப் பாதையில் தானும் ஒருக்களித்து நடந்து சாவு வீட்டுக்குப் போனார்.

பாடை கட்டியாயிற்று. வீரய்யாவின் உடம்புக்குச் சாதாரணப் பாடை போதாது. மூங்கிலை வண்டி நுகத்தடிபோலக் கனமாகப் போட்டுக் கட்டினார்கள். சங்கு ஊதியாயிற்று. நாலு பேர் தூக்கவேண்டும். முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு. ஒன்றரை முழத்தில் பக்கத்துக்கு ஒருவராகப் போகமுடியாது. கூட்டம் பாதை முனையில் வந்து நின்றது. மழை மறுபடி தூற ஆரம்பித்தது.

குழந்தைசாமி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். சட்டி நனையாமல் ஒருவர் குடைபோலப் பனையோலையைப் பிடித்தார்.

"அண்ணே," என்றான். "எனக்கு வேணாம். அப்பாவுக்கு மட்டும் தொறந்து விடுங்கண்ணே. போனதும் அடைச்சுக்கங்க."

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வெட்டமுடியாதுடா. வக்கீலு கட்டிப் போட்டுருக்காரு. வெட்டினா நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"அப்ப நான் வெட்டுறேன்."

"நீ வெட்டினா ஒன்னைப் புடிச்சுட்டுப் போயிருவாங்கடா. கொள்ளி யாரு வைக்கிறது?"

செவந்தி பாடையின் தலைமாட்டில் நின்றிருந்தாள். அவள் அடைக்கலத்தைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் ஊருக்கே கேட்டது.

"மச்சான், அவரு செத்ததும் சரி. நாங்க இருக்கிறதும் சரி. ரெண்டும் இந்த முள்ளுக்குள்ளயே கெடக்கட்டும். நீங்க பசியோட நிக்க வேணாம், வீட்டுக்குப் போய்ச் சாப்புடுங்க."

அடைக்கலம் அடி வாங்கியவர்போல நிமிர்ந்தார். துண்டை இறுக்கித் தலையில் கட்டினார். நேராகப் பாடையின் வலது முன்கழிக்கு வந்து தோளைக் கொடுத்தார். வலது என்றால் கிழக்கு. கிழக்கு என்றால் முள். பின்கழிக்கு ஆண்டியப்பன் வந்தான். மேற்கே ரெண்டு பேர்.

"தூக்குங்கடா," என்றார் அடைக்கலம். "நான் வெட்டலை. நடக்குறேன். நடந்தா கோர்ட்டு என்னத்தைக் கேக்கும்?"

வெறுங்காலோடு முள்ளுக்குள் இறங்கினார். சத்தம் கேட்டது என்பார்கள், காய்ந்த அப்பளத்தை மிதிப்பதுபோல. வீரய்யாவின் கனம் முழுக்கத் தோளில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு எட்டும் முள்ளை ஆழத்துக்கு அமுக்கியது. தொடையிலும் முழங்காலிலும் கிளை கிழித்தது. அவர் மிதித்த இடத்தில் ஆண்டியப்பன் மிதித்தான். அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுக்கக் கிழக்கே இறங்கி மிதித்தது. பாதியில் ஒரு தடவை கழி மாற்றுகிறேன் என்று ஒருவர் வந்தார். அடைக்கலம் கொடுக்கவில்லை. வீரய்யா நாலு பேர் தோளில், நேராக, நடு ஊர் வழியாகப் போனார்.

சுடுகாடு போய்த் திரும்பும்போது அடைக்கலத்தை ரெண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். பொன்னுத்தாய் அவர் காலைப் பார்த்துவிட்டு, முள் இருக்கிற இடத்தைவிட இல்லாத இடத்தை எண்ணுவது சுலபம் என்றாள். ஊசி எடுத்து உட்கார்ந்தவள் அடுத்த நாளும் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த முள்ளில் ஒரு ஆட்டுப்பட்டியே அடைக்கலாம். எடுக்க எடுக்க வைதாள். ஒரு கெடாத் தலைக்கு இத்தனை முள்ளா என்றாள். அடைக்கலம் அவ்வளவுக்கும் சேர்த்துச் சோறு தின்றார்.

பாதை முழு அகலத்துக்கும் நசுங்கிக் கிடந்தது. காரியம் முடிந்த மறுநாள் குழந்தைசாமி வண்டிச் சக்கரத்திலிருந்து கோழிக்கூட்டை எடுத்துவிட்டு மாட்டைப் பூட்டினான். அழுகாமல் தப்பிய கடலையை ஏற்றிக்கொண்டு போனான். அடைக்கலத்தின் வீட்டைக் கடக்கும்போது அவர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், காலில் வேப்பிலைப் பற்று.

"ரொம்பத் துள்ளாதே," என்றார். "கால் ஆறட்டும். ஆறினதும் புது முள்ளு போடுவேன்."

அதற்கப்புறம் குழந்தைசாமி தினமும் காலையில் அந்த வாசலில் வண்டியை நிறுத்தி, கால் எப்படி இருக்கிறது அண்ணே என்று கேட்டான். இன்னும் ஆறவில்லை என்று பதில் வந்தது. ஊர் பார்த்து மெச்சியது, அண்ணன் தம்பி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று. தை பிறந்தது. அடைக்கலம் ஜல்லிக்கட்டில் காளைக்கு முன்னால் ஓடினார்; காளையைவிட வேகமாக ஓடினார். மாசியில் ஏர் பிடித்தார். குழந்தைசாமி கேட்டால், உழவுசாலில் நின்று கலப்பையைப் பிடித்தபடியே நொண்டுவார். இன்னும் ஆறவில்லை என்பார்.

குழந்தைசாமிக்கு அது போதும். இனிமேல் வழக்கு எதற்கு, வாய்தாவுக்குப் போகவேண்டாம் என்றான். செவந்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"நமக்கு வழி தொறக்கல," என்றாள். "அவரு நொண்டுறாரு, அம்புட்டுத்தான். நாளைக்கு நேரா நடந்தாருன்னா? அவருக்கப்புறம் அவரு மக்க நொண்டுவாங்களா? ஒரு மனுசன் காலுப்புண்ணுல எம் பிள்ளைங்க குடியிருக்கணுமா?"

வாய்தா அன்றைக்கு விடிகாலையில் அவள் கட்டுச்சோறு கட்டி வைத்தாள். புளிச்சோறு, மேலே கருவாட்டுத் துண்டு. அவனோடு அவளும் வண்டியில் ஏறினாள். கிழக்கே கோர்ட்டுக்குப் போகவேண்டும், நாள் முழுக்க ஓட்டம்.

வீட்டுப் பக்கத்துப் பாதை முனையிலேயே அடைக்கலம் வெள்ளை வேட்டி கட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் தடி. வண்டி நின்றது.

"கால் எப்படிண்ணே இருக்கு?"

"இன்னும் ஆறலடா. நடக்க முடியல. எனக்கும் இன்னைக்குத்தானே வாய்தா."

குழந்தைசாமி செவந்தியைப் பார்த்தான். செவந்தி ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அடைக்கலம் தடியை உள்ளே போட்டுவிட்டு, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் ஞாபகம் வந்து காலைத் தடவி முனகினார். சோற்று மூட்டையை மோந்து பார்த்து, கருவாடா ஆத்தா என்று கேட்டார். ஆமாம் மச்சான் என்றாள். மதியம் வரைக்கும் தாங்குமா என்று தனக்குத்தானே யோசித்தார்.

வண்டி நகர்ந்தது. இடத்து மாடு மேற்கில், வலத்து மாடு கிழக்கில். அடைக்கலம் வலது பக்கமாக எட்டிக் கீழே பார்த்தார்.

"பாத்து ஓட்டுடா," என்றார். "இங்கிட்டு எந்தப் பயலோ முள்ளு போட்டு வச்சுருக்கான்."